துவாக்குடி வழியே ஒரு பசிலிக்கா பாதை: கோபுரம் மட்டும்தான் மரபா?

ஆகஸ்ட் மாதத்தின் கடைசி வாரத்தில், திருச்சி - தஞ்சாவூர் சாலையில் துவாக்குடி பேருந்து நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். காவிப் புடவை கட்டிய பெண்களும் காவி வேட்டி கட்டிய ஆண்களும் கூட்டம் கூட்டமாக நடந்துபோவார்கள். பலர் காலில் செருப்பு இருக்காது. முன்னால் ஒரு சப்பரம் உருண்டு போகும். அதற்குள் மாதா சுரூபம், சுற்றிலும் மாலையும் சீரியல் பல்பும். ஸ்பீக்கரில் மாதா பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். பாட்டு நிற்கும்போது, ``மரியே வாழ்க!'' என்று ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து சொல்வார்கள்.

இவர்கள் போவது வேளாங்கண்ணிக்கு. கரூர், மணப்பாறை, திண்டுக்கல் பக்கமிருந்து வரும் குழுக்கள் திருச்சியைக் கடந்து அரியமங்கலம், காட்டூர், திருவெறும்பூர், துவாக்குடி என்று தஞ்சாவூர் சாலையைப் பிடிக்கின்றன. திருச்சியிலிருந்து வேளாங்கண்ணி சுமார் 150 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் நடந்தால் ஐந்தாறு நாள் ஆகும். வெயில் ஏறும் முன்பும், வெயில் தாழ்ந்த பின்பும்தான் பெரும்பாலும் நடை.

இந்தச் சாலைக்கு ஒரு சிறப்பு உண்டு. இதன் மேற்கு முனையில், திருச்சி பாலக்கரையில், ஒரு பசிலிக்கா இருக்கிறது. நடுவில் செங்கிப்பட்டியில் வடக்கே திரும்பி, பூதலூர், திருக்காட்டுப்பள்ளி வழியாகப் போனால் பூண்டியில் இன்னொரு பசிலிக்கா. கிழக்கு முனையில், கடலோரத்தில், வேளாங்கண்ணி பசிலிக்கா. நாள்தோறும் இந்த வழியில் பஸ்ஸில் போய்வருகிறவர்கள்கூட இதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

`பசிலிக்கா என்றால் என்ன?' என்று கேட்டால், `பெரிய சர்ச்' என்ற பதில்தான் வரும். அது சரியான பதில் இல்லை. திருச்சிக்காரர்களுக்கு அதைப் புரியவைக்க ஊருக்குள்ளேயே உதாரணம் இருக்கிறது.

உயரமாக இருந்தால் பசிலிக்காவா?

மெயின்கார்டு கேட் பக்கம் போனால், தெப்பக்குளத்துக்கு அருகே வானத்தைத் தொடும் ஊசிக் கோபுரத்தோடு நிற்கிறது லூர்து அன்னை ஆலயம். மலைக்கோட்டையும் இந்தக் கோபுரமும் சேர்ந்த காட்சிதான் திருச்சியின் அடையாளம். பிரான்ஸில் உள்ள லூர்து நகர் பேராலயத்தின் சாயலில் கட்டப்பட்டது இது. கூர்மையான வளைவுகள், உயரமான ஜன்னல்கள், மேல்நோக்கி இழுக்கும் தூண்கள் என்று கோதிக் பாணியின் எல்லா லட்சணங்களும் இதில் உண்டு. நாகப்பட்டினத்தில் 1844-ல் தொடங்கி, 1883-ல் திருச்சிக்கு இடம்மாறிய புனித வளனார் கல்லூரியோடு சேர்ந்து வளர்ந்த ஆலயம். ஆனால், இது பசிலிக்கா இல்லை. பிரான்ஸில் உள்ள மூல ஆலயம் பசிலிக்கா; அதன் சாயலில் எழுந்த திருச்சி ஆலயம் அல்ல.

மேலப்புதூரில் உள்ள புனித மரியன்னை பேராலயம், திருச்சி மறைமாவட்டத்தின் தலைமை ஆலயம். ஆயரின் இருக்கை அங்கேதான். இப்படி ஆயரின் இருக்கை உள்ள ஆலயத்தை `கதீட்ரல்' என்பார்கள். அதுவும் பசிலிக்கா இல்லை. தமிழில் கதீட்ரலையும் பசிலிக்காவையும் `பேராலயம்' என்றே எழுதுவதால் வரும் குழப்பம் இது. வேளாங்கண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். உலகமே அறிந்த பசிலிக்கா. ஆனால், அது ஆயரின் இருக்கை அல்ல. அந்த மறைமாவட்டத்தின் கதீட்ரல் தஞ்சாவூரில் உள்ள திரு இருதயப் பேராலயம்தான்.

ரோமிலும் இதே கதைதான். போப்பாண்டவரின் கதீட்ரல் எது என்று கேட்டால் பலரும் புனித பேதுரு பேராலயத்தைச் சொல்வார்கள். உண்மையில் அது லாத்தரன் யோவான் பேராலயம்.

அரச மண்டபம் ஆலயமான கதை

`பசிலிக்கா' என்ற சொல்லின் வேர் கிரேக்க மொழி. `அரசனுக்குரிய மண்டபம்' என்று பொருள். பழைய ரோமானிய நகரங்களில் வழக்கு விசாரிக்கவும் வியாபாரம் பேசவும் கட்டிய நீண்ட மண்டபங்களை அப்படி அழைத்தார்கள். நடுவில் அகலமான கூடம், இரண்டு பக்கமும் தூண் வரிசை, கடைசியில் அரைவட்டமாக ஒரு மேடை. நீதிபதி அமர்ந்த இடம் அது. நான்காம் நூற்றாண்டில் கிறிஸ்தவம் ரோமப் பேரரசில் வெளிப்படையாக வழிபடும் உரிமை பெற்றபோது, பெருங்கூட்டம் கூட வசதியான இந்த வடிவத்தையே ஆலயங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். நீதிபதியின் மேடை இருந்த இடத்துக்குப் பலிபீடம் வந்தது.

காலப்போக்கில் கட்டட வடிவத்தின் பெயர், ஒரு சிறப்புப் பட்டமாக மாறியது. இன்று உலகில் `பெரிய பசிலிக்கா' என்ற தகுதி நான்குக்கு மட்டும்தான். நான்கும் ரோமில்தான் இருக்கின்றன. புனித பேதுரு, லாத்தரன் யோவான், புனித பவுல், மரியா மேஜர். மற்ற எல்லாமே `சிறிய பசிலிக்கா' என்ற வகைதான். வேளாங்கண்ணி உட்பட.

இந்தப் பட்டம் எப்படிக் கிடைக்கிறது? மறைமாவட்ட ஆயர் வாடிகனுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இப்போதுள்ள விதிமுறைகள் 1989-ல் வெளியானவை. ஆலயம் முறைப்படி அர்ச்சிக்கப்பட்டிருக்க வேண்டும். பீடப் பகுதி போதிய இடவசதியோடு இருக்க வேண்டும். திருப்பலியும் பாவசங்கீர்த்தனமும் தடையில்லாமல் நடக்கப் போதிய குருக்கள் வேண்டும். வரலாற்றாலோ, கலையாலோ, அங்குள்ள புனிதப் பொருளாலோ, மக்கள் வணங்கும் சுரூபத்தாலோ அந்த ஆலயம் சுற்றுவட்டாரம் முழுக்கப் பெயர் பெற்றிருக்க வேண்டும். இத்தனை அடி உயரம் என்று ஒரு நிபந்தனையும் கிடையாது.

பட்டம் கிடைத்ததும் சில அடையாளங்கள் சேரும். முகப்பிலோ கொடியிலோ, ஒன்றை ஒன்று குறுக்கிட்ட இரண்டு சாவிகள். பேதுருவிடம் ஒப்படைக்கப்பட்ட விண்ணரசின் சாவிகள் அவை. பீடத்துக்கு அருகே ஒரு சிறு மணி. இன்னொரு பக்கம், மஞ்சளும் சிவப்பும் கலந்த பட்டுக் குடை ஒன்று பாதி விரிந்த நிலையில் நிற்கும். போப்பாண்டவர் என்றாவது வந்தால் அவருக்குப் பிடிக்கத் தயாராக இருக்கும் குடை என்பது அதன் பொருள். சுவாமி புறப்பாட்டில் குடை பிடிப்பதைப் பார்த்து வளர்ந்த ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இந்தக் குடையின் மரியாதையை விளக்க வேண்டியதில்லை. அடுத்த முறை பசிலிக்காவுக்குப் போனால், பீடத்தின் பக்கம் இந்தக் குடையைத் தேடிப்பாருங்கள்.

பாலக்கரை: அறுந்து தொங்கும் ஒரு செருப்பு

நம் சாலையின் முதல் பசிலிக்கா, பாலக்கரை உலக மீட்பர் பசிலிக்கா. ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் ஒருவேளை யோசிப்பார். `சகாய மாதா கோயில்' என்றால் உடனே வண்டியைக் கிளப்புவார். 19-ம் நூற்றாண்டில் எழுந்த இந்த ஆலயத்துக்குப் பசிலிக்கா பட்டம் கிடைத்தது 2006-ல்.

இங்கே மக்களை இழுப்பது ஒரு படம். சகாய மாதா படத்தை நீங்கள் எத்தனையோ வீடுகளில், கடைகளில் பார்த்திருப்பீர்கள். மூலப் படம் ரோமில், புனித அல்போன்ஸ் ஆலயத்தில் இருக்கிறது. ஒன்பதாம் பத்திநாதர் என்ற போப்பாண்டவர் 1866-ல் அதை இரட்சகர் சபைத் துறவிகளிடம் ஒப்படைத்தார். `இந்த மாதாவை உலகம் அறியச் செய்யுங்கள்' என்பதே அவர்களுக்கு இட்ட பணி.

அந்தப் படத்தை ஒருமுறை நின்று உற்றுப் பாருங்கள். மேலே இரண்டு பக்கமும் இரண்டு வானதூதர்கள். அவர்கள் கையில் சிலுவை, ஆணி, ஈட்டி. தனக்கு வரப்போகும் பாடுகளின் கருவிகளைக் கண்டு பயந்த குழந்தை இயேசு, ஓடிவந்து அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஓடிவந்த வேகத்தில் ஒரு காலின் செருப்பு வார் அவிழ்ந்து தொங்குகிறது. அம்மாவின் கண்களோ குழந்தையை அல்ல, நம்மைப் பார்க்கின்றன. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற எந்த அம்மாவுக்கும் இந்தப் படத்துக்கு விளக்கவுரை வேண்டாம்.

பூண்டி: அகராதி எழுதியவரின் ஆலயம்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, வயலும் வாய்க்காலும் சூழ்ந்த சிற்றூர் பூண்டி. இங்கே ஆலயம் எழுப்பியவர் வீரமாமுனிவர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1680-ல் இத்தாலியில் பிறந்து, மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்து, `தேம்பாவணி' என்ற காப்பியத்தையும் `சதுரகராதி'யையும் தந்த அதே வீரமாமுனிவர்தான். நாம் இன்று எழுதும் ஏ, ஓ எழுத்துகளின் வடிவத்துக்கும் அவர் பெயரைத்தான் சொல்கிறோம். சென்னை மெரினாவில் 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்த சிலைகளில் அவருடையதும் ஒன்று. கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் உள்ள அடைக்கல மாதா ஆலயமும் அவர் பெயரோடு சேர்ந்ததே.

பூண்டியில் மக்கள் கும்பிடும் மாதா சுரூபம் பிரான்ஸிலிருந்து வந்தது. ஊருக்கு இன்னொரு பெயரும் முக்கியம். பங்குத்தந்தையாக இருந்து 1972-ல் மறைந்த லூர்து சேவியர் அடிகளார். பழுதான ஆலயத்தைச் சீராக்கி, சுற்றுவட்டார கிராமங்களின் கோயிலாக இருந்ததைத் தமிழகம் அறிந்த திருத்தலமாக வளர்த்ததில் அவருக்குப் பெரும் பங்கு. அவர் கல்லறையிலும் இன்று மெழுகுவத்தி எரிகிறது. 1999 ஆகஸ்ட் 3-ம் தேதி, இரண்டாம் ஜான்பால் காலத்தில் பூண்டிக்குப் பசிலிக்கா பட்டம் வந்தது.

வேளாங்கண்ணி: மோர் விற்ற பையனும் புயலில் தப்பிய மாலுமிகளும்

வேளாங்கண்ணியின் கதை மூன்று சம்பவங்களாகச் சொல்லப்படுகிறது. எஜமானருக்குப் பால் கொண்டுபோன சிறுவனிடம், குளக்கரையில் ஒரு தாய் தன் குழந்தைக்குப் பால் கேட்டது முதலாவது. நடுத்திட்டில் மோர் விற்ற, கால் ஊனமுற்ற பையன் எழுந்து நடந்தது இரண்டாவது. புயலில் சிக்கிய போர்ச்சுகீசிய மாலுமிகள், மாதாவின் பிறந்த நாளான செப்டம்பர் 8 அன்று இந்தக் கரையில் உயிர்தப்பி, நன்றியாக ஆலயம் எழுப்பியது மூன்றாவது. அவர்கள் கொண்டுவந்த, பைபிள் காட்சிகள் வரைந்த பீங்கான் தட்டுகள் பீடத்தில் இன்றும் பதிக்கப்பட்டிருக்கின்றன.

கவனியுங்கள். மூன்றில் இரண்டு கதைகளின் நாயகர்கள் கூலிக்குப் பால் சுமந்த பையனும், வெயிலில் உட்கார்ந்து மோர் விற்ற பையனும். அந்தக் கதைகளை நம்பி வருகிறவர்களும் பெரும்பாலும் அப்படிப்பட்டவர்கள்தான். மாதாவுக்கு இங்கே புடவை கட்டுகிறார்கள். மொட்டை போடுகிறார்கள். தென்னங்கன்று காணிக்கை தருகிறார்கள். ஆலயத்திலிருந்து மாதா குளம் வரை மணலில் முழங்காலிட்டே போகிறார்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் வருகிறார்கள்.

இருபத்துமூன்றாம் யோவான் என்ற போப்பாண்டவர் 1962 நவம்பர் 3-ம் தேதி வேளாங்கண்ணியைப் பசிலிக்காவாக உயர்த்தினார். அதற்கு முந்தைய மாதம்தான் இரண்டாம் வாடிகன் சங்கத்தை அவர் தொடங்கிவைத்திருந்தார். அந்தந்த நாட்டு மக்களின் மொழிக்கு வழிபாட்டில் இடம் தந்த சங்கம் அது. வேளாங்கண்ணி மக்களோ, தங்கள் வழக்கங்களோடு மாதாவைக் கும்பிட அந்த அனுமதிக்காகக் காத்திருக்கவில்லை.

மூன்று ஊரிலும் ஒன்று பொது. முதலில் வந்தது மக்கள் கூட்டம். அதற்குப் பிறகுதான் ரோமின் பட்டம்.

பனி பெய்யாத ஊரில் பனிமய மாதா

தமிழ்நாட்டின் மற்ற பசிலிக்காக்களைப் பார்த்தாலும் இதே கதைதான். சென்னை சாந்தோம், அப்போஸ்தலர் தோமாவின் கல்லறைமீது எழுந்த ஆலயம், 1956-ல் பட்டம். தூத்துக்குடி பனிமய மாதா பேராலயம் 1982-ல். பனியே பார்க்காத முத்துக்குளித்துறையில் ஏன் பனிமய மாதா? ரோமில் கோடைக்காலத்தில் ஒரு குன்றின்மீது பனி பெய்து, ஆலயம் கட்ட வேண்டிய இடத்தை மாதா காட்டியதாகச் சொல்லப்படும் மரபுக்கதையிலிருந்து வந்த பெயர் அது. அந்த இடத்தில் நிற்பதுதான் மரியா மேஜர் பேராலயம். 2025 ஏப்ரலில் மறைந்த போப் பிரான்சிஸ் அடக்கமானது அங்கேதான். ரோமில் அந்தப் பேராலயத்தின் திருநாளும் தூத்துக்குடியில் பனிமய மாதா திருநாளும் ஒரே நாள், ஆகஸ்ட் 5. கோவை அருகே கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா ஆலயம் 2019-ல் பசிலிக்கா ஆனது. பக்கத்துப் புதுச்சேரியில் திரு இருதய ஆண்டவர் பேராலயம் 2011-ல்.

பாதையும் மரபுதான்

இந்தியாவின் முதல் பசிலிக்கா, கோவாவின் போம் ஜீசஸ். புனித சவேரியாரின் உடல் இருக்கும் ஆலயம். 1946-ல் பட்டம் பெற்றது. கோவாவின் பழைய ஆலயங்கள் 1986-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில் சேர்ந்தன. அங்கே பாதுகாக்கப்படுவது கட்டடங்கள்.

ஸ்பெயினில் நடந்தது வேறு. அங்கே சந்தியாகோ நகரில், நம் ஊர்களில் `சந்தியாகப்பர்' என்று கும்பிடும் அப்போஸ்தலர் யாக்கோபுவின் கல்லறை மேல் பேராலயம் இருக்கிறது. அதை நோக்கி ஆயிரம் ஆண்டுகளாக மக்கள் நடக்கிறார்கள். 1993-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது, அந்த நடைபாதையை. பிரான்ஸ் நாட்டுப் பகுதியிலுள்ள பாதைகள் 1998-ல் சேர்ந்தன. வழியெங்கும் சிப்பிச் சின்னம் போட்ட அடையாளக் கற்கள், தங்குவதற்கு எளிய விடுதிகள் என்று நடப்பவர்களை வைத்தே ஊர்கள் வாழ்கின்றன.

நம் துவாக்குடிப் பாதைக்கு அப்படி ஓர் அடையாளக் கல்கூடக் கிடையாது. நாற்கரச் சாலை வந்ததில் பயணம் வேகமானது நல்லதுதான். ஆனால், அது வண்டிகளுக்காகப் போட்ட சாலை. லாரியும் ஆம்னி பஸ்ஸும் பறக்கும் சாலையின் வெள்ளைக்கோட்டுக்கு வெளியே உள்ள சில அடி அகலத்தில்தான் சப்பரமும் பிள்ளைகளும் வயதானவர்களும் போகிறார்கள். `பாதயாத்திரை பக்தர்கள் மீது வாகனம் மோதியது' என்ற தலைப்பைத் தமிழ்நாட்டுச் செய்திகளில் வருடம் தவறாமல் பார்க்கிறோம். செய்திப் பிரிவில் வேலை பார்ப்பதால், அந்த வரியை நானும் தட்டச்சு செய்திருக்கிறேன். ஊர்ப் பெயரும் எண்ணிக்கையும்தான் மாறும். வேளாங்கண்ணிக்கு மட்டுமல்ல, பழநிக்கும் சமயபுரத்துக்கும் நடக்கிறவர்களுக்கும் இதே ஆபத்துதான்.

ஆலயத்துக்கு வண்ணம் பூசவும் கொடிமரத்தைப் புதுப்பிக்கவும் நன்கொடை தர மனம் உள்ளவர்கள் நிறைய பேர். நடந்து வருகிறவர்களுக்கு ஒரு கழிப்பறையும், படுக்க ஒரு பள்ளிக்கூட மைதானமும், இரவில் ஒரு விளக்கும் அதே அளவுக்கு மரபுப் பாதுகாப்புதான். கூட்டம் இல்லாமல் இந்த மூன்று ஆலயங்களும் பசிலிக்கா ஆகியிருக்காது.

நடப்பவர்களுக்கும் வண்டி ஓட்டுபவர்களுக்கும்

* எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி, சாலையின் வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக நடப்பது நல்லது.

* இரவில் காவி நிறம் தூரத்திலிருந்து தெரியாது. முதுகிலும் பையிலும் ஒளி பிரதிபலிக்கும் பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள். சப்பரத்தின் பின்பக்கம் சிவப்பு விளக்கு கட்டாயம்.

* நள்ளிரவிலிருந்து விடியும் வரை நடப்பதைத் தவிருங்கள். ஓட்டுநர்கள் கண்ணயரும் நேரம் அது. சாலையோரத்திலும், நிறுத்தியிருக்கும் லாரிக்கு அருகிலும் படுக்கவே கூடாது.

* சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். காலில் கொப்புளம் வந்தால் அலட்சியம் வேண்டாம்.

* ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் செப்டம்பர் முதல் வாரத்திலும் இந்தச் சாலையில் வண்டி ஓட்டுபவர்கள், சப்பர விளக்கைப் பார்த்ததும் வேகத்தைக் குறையுங்கள்.

வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம். செப்டம்பர் 7 மாலை பெரிய தேர் பவனி. 8-ம் தேதி திருநாள். நடக்க முடியாதவர்கள் வேறொரு நாளில் ஒரு சின்னப் பயணம் போகலாம். காலையில் பாலக்கரை, மதியத்துக்குள் பூண்டி, இரவு வேளாங்கண்ணியில் தங்கல். மூன்று இடத்திலும் சாவிச் சின்னத்தையும் பட்டுக் குடையையும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

வழியில் துவாக்குடியில் டீ குடிக்க இறங்கும்போது காவி உடுத்தியவர்கள் யாராவது கடந்துபோனால், ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுங்கள். பசிலிக்கா பட்டத்தை ரோமுக்குப் போய் வாங்கிவந்தவர் ஆயராக இருக்கலாம். அதற்குத் தகுதி சேர்த்துக் கொடுத்தவர்கள் இவர்கள்தான்.